உயிரில்லாத சரக்கு மட்டும்

அப்பா செத்த செய்தி வந்தபோது இசக்கியம்மாள் ராட்டர்டாமில் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் மின்னல்வழி நிறுவனம் நூறாவது நாட்டில் கால் வைத்ததற்கு விழா. அங்கே அவள் பெயர் இசா.

வீட்டுக்கு வீடு மின்னல்வழியின் கணமாடம் வந்துவிட்டது. உள்ளே எதை வைத்தாலும் அடுத்த நொடி உலகின் மறுமூலையில் இருக்கும். உயிருள்ளதை மட்டும் கடத்தாது. சரக்கை இழந்த விமானங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. தென்காசிக்குப் போக இனி கப்பல்தான். ஒரு மாதம் ஆகும்.

மேடை ஓரமாக ஒதுங்கிப் போனில் பேசினாள். "வாய்க்கரிசி அனுப்பிட்டேன் சித்தப்பா. மாலையும்."

"எல்லாருந்தான் அனுப்பிட்டாங்க. வீடு பூரா மாலை. தூக்கத்தான் ஆளில்லட்டி. முடுக்குக்குள்ள வண்டியும் வராது. நானும் பக்கத்து வீட்டு அய்யாதுரையும் ரெண்டே பேரு, எனக்கு இடுப்பு வேற."

அப்பா சுடலைமுத்து லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியவர். அந்த மூட்டைகள்தான் அவளைப் படிக்கவைத்தன. தென்காசிக்குக் கணமாடம் கொண்டுபோகத் திட்டம் எழுதியவள் அவள். 'சுமைகூலி மிச்சம்' என்ற வரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது. விமானம் ஓடிய காலத்தில் ஒருமுறை கேட்டார்: "வந்து உன் ஆபீசப் பாக்கட்டுமா தாயி?" அவர் தோளில் காய்த்துப்போன தடிப்பு நினைவுக்கு வந்தது. "இங்க ரொம்பக் குளிருப்பா" என்றாள்.

"ஏட்டி, கோவப்படாத," சித்தப்பா இழுத்தார். "உயிரில்லாதத அனுப்பும்ல உங்க பெட்டி?"

திட்ட வாயெடுத்தாள். மேடைக் கணமாடத்தின் எண்ணைத்தான் சொன்னாள். "அனுப்புங்க."

மேடையிலிருந்த கணமாடத்தில் அப்பா வந்து இறங்கினார். அவள் அனுப்பிய அரிசி உதட்டோரம் ஒட்டியிருந்தது. கைதட்டல் நின்றது. உலகத்துக்கே சுமை கடத்தும் கம்பெனியில் ஒரு உடம்பைத் தூக்கத் தெரிந்தவர் ஒருவருமில்லை. அவளே கழுத்துக்கடியில் கை கொடுத்தாள்.

"எங்கப்பா," என்றாள் உரக்க. "லோடுமேன்."

இயக்குநர் தலைகுனிந்து நின்றார். பிறகு அவள் காதருகே வந்தார்.

"இசா, இப்படி அனுப்பக் காத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?"

அப்பாவின் தலை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. இயக்குநர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே, நாடு நாடாக, அவள் மனது கணக்குப் போட்டு முடித்திருந்தது.