கண் இல்லாத கல்

"அன்ரி, இது வைரமோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ. பிறகு அக்கா எனக்கு அக்காவோ இல்லையோ எண்டு நான் முடிவெடுக்கிறன்."

ஆரணி ஈரக்குடையைக்கூட மடக்காமல் டிஷ்யூத் தாளைப் பிரித்தாள். நிறமில்லாத ஒற்றைக் கல் உருண்டு மேசைவிரிப்பில் நின்றது. லண்டன் குட்மேய்ஸில் வீட்டிலிருந்தே நகை மதிப்பிட்டுக் கொடுக்கும் ஜெகதீஸ்வரி அதைத் தொடவில்லை.

"முதல்ல இருங்கோ பிள்ளை. தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு சொல்லுங்கோ."

அம்மாவுக்கு ஒரு சோடி வைரத் தோடுகள் இருந்தன. அம்மா போன பிறகு, பாரிஸில் இருக்கும் அக்கா ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை ஆரணிக்குக் கொடுத்தாள். ஆரணி அந்தக் கல்லை மோதிரத்தில் பதித்துப் போட்டிருந்தாள். நேற்று ரொட்டிக்கு மாக் குழைக்கும்போது கல் கழன்று விழுந்துவிட்டது.

"விழுந்த உடனேயே இவர் சொன்னார், உன்ர அக்கா பொய்க்கல்லைத் தந்து பேய்க்காட்டிப் போட்டா எண்டு. நானும் அப்பவே போன் எடுத்துக் கத்தி, அவவின்ர மகளின்ர கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டும் சொல்லிப்போட்டன்."

ஜெகதீஸ்வரியின் கணவர் சண்முகராசாவுக்குப் பொறுமை இல்லை. பேனா போன்ற சோதனைக் கருவியை எடுத்து அதன் முனையைக் கல்லில் வைத்தார். அது பீப் என்றது.

"வைரம்! ஈஸ்வரி, கேஸ் முடிஞ்சுது!"

"உங்களுக்கு எல்லாக் கேஸும் தேத்தண்ணி ஆற முதலே முடிஞ்சிடும்." ஜெகதீஸ்வரி உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் கல்லைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். "பிள்ளை, அம்மாவின்ர கல்லில ஏதும் அடையாளம் இருந்ததோ?"

"நடுவில ஒரு சின்ன வட்டம். அம்மா அதைக் கல்லின்ர கண் எண்டுவா. மோதிரம் செய்த அண்டைக்கு என்ர மகளுக்கும் காட்டினனான்."

"பிறகு மோதிரம் உங்கட கையை விட்டுப் போனதோ?"

"கல் ஆடுதெண்டு போன வருசம் இவர்தான் கொண்டுபோய் இறுக்கிக்கொண்டு வந்தவர்."

"அவரையும் கூப்பிடுங்கோவன்."

வெளியே புதுக் காருக்குள் இருந்த அவள் கணவன் பிரவீணன், கார்த் திறப்பை விரலில் சுழற்றியபடி உள்ளே வந்தான். "என்னவாம் அன்ரி? நான் சொன்னது சரிதானே?"

"சரிதான் தம்பி. வைரமில்லை. வெறும் போத்தல் கண்ணாடி."

"கண்ணாடியோ?" திறப்பு நின்றது. "விசரோ! மொய்சனைட் எண்டல்லோ அவன் காசு வாங்கினவன்!"

சண்முகராசா வாயைத் திறந்தார். மனைவி பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"பயப்படாதேங்கோ தம்பி, அவன் உங்களை ஏமாத்தேல்லை," என்றார் ஜெகதீஸ்வரி. "மொய்சனைட்தான். மெஷினில செய்யிற கல். பேனாவையே ஏமாத்தும். ஆனா சரிச்சுப் பார்த்தா உள்விளிம்பெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். வைரத்தில அப்பிடித் தெரியாது. அடிமுனையும் கூர். அந்தக் காலத்து வைரத்தில அடியை மழுக்கி வெட்டுவினம். அதுதான் மேலால பார்க்கக் கண் மாதிரி இருக்கும். அக்கா தந்தது கண் உள்ள கல். அதுக்கு உங்கட மகளே சாட்சி. இறுக்கின கடைக்காரன் மாத்தியிருப்பானோ எண்டும் யோசிச்சன். ஆனா ஒருத்தரும் சோதிக்க முதலே, பொய்க்கல் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது? அதுதான் கண்ணாடி எண்டு சொல்லிப் பார்த்தன்."

ஆரணி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவின்ர கல் என்ன விலை வரும் அன்ரி?"

"வெளியில நிக்கிற காரில பாதி."

"இது?"

"அதின்ர ஒரு டயர்."

"ஆரணி, காரின்ர டிபாசிட்டுக்குத்தான்... வீட்டை போய்க் கதைப்பம்."

"அக்காவை நான் ஏசேக்க பக்கத்திலதானே நிண்டனீங்கள்? நம்பரைக்கூட நீங்கள்தானே அடிச்சுத் தந்தனீங்கள்?"

இம்முறை எண்ணை அவளே அழுத்தினாள். நெடுநேரம் மணி அடித்தது.

"என்ன?" என்றது அக்காவின் குரல்.

"அக்கா, நான் கலியாணத்துக்கு வாறன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, இன்னும் கோபமாகவே: "சாப்பாட்டுக்கு ஆள்கணக்குச் சொல்லோணும். எத்தினை பேர்?"

ஆரணி ஈரக்குடையைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டு பேர். நானும் மகளும்."