போயிட்டு வாங்க

கடல் கடந்து வந்து அந்த முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளை மிரட்டியது நோயோ மருந்து நெடியோ அல்ல, கதவுகள்தான். நீளமான நடைபாதையின் இருபுறமும் கதவுகள், எல்லாமே சாத்தியிருந்தன. அவள் ஊரில் பட்டப்பகலில் கதவைச் சாத்தினால், 'வீட்ல ஏதாவது பிரச்னையா?' என்று எதிர்வீட்டுக்காரி வந்து நிற்பாள். இங்கே கதவு திறந்து கிடந்தால்தான் பிரச்னை. அவள் குடியிருக்கும் கட்டடத்திலும் அதே கதைதான். மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பு தெரியும், முகம் தெரியாது.

பதினோராம் அறையில் ஒரு பெரியவர் இருந்தார். அந்தக் காலத்தில் தபால்காரர். மனைவி, மக்கள், பார்க்க வருபவர் என்று ஒருத்தரும் கிடையாது. நெஞ்சில் தைலம் தேய்த்துவிடும்போது அவளிடம் தினம் ஒரு தமிழ் வார்த்தை கேட்டு வாங்கிக்கொள்வார்.

"சாயங்காலம் கிளம்பும்போது ஏதோ சொல்கிறாயே, அது என்ன?"

"போயிட்டு வரேன்."

அர்த்தம் கேட்டவர் புருவத்தைச் சுருக்கினார். "போகிறாய், சரி. வருவதை எதற்கு இப்போதே சொல்கிறாய்?"

"போறேன்னு மட்டும் சொல்லக் கூடாதுங்க. திரும்பவே வரமாட்டேங்கிற மாதிரி ஆயிடும்."

பெரியவர் அதை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார். "நல்ல பாஷை. எங்கள் பாஷையில் போனவர்கள் போனவர்கள்தான்."

இன்னொரு நாள் 'வீடு' என்ற வார்த்தையை அவளே சொல்லிக்கொடுத்தாள். வாயால் சொன்னது போதாதென்று போனில் படமும் காட்டினாள். அகலத் திறந்த பச்சைக் கதவு, வாசற்படியில் அவளுடைய ஆறு வயது மகள். "இதுதான் வீடு."

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒரு தடவை பார்த்த வீட்டை நான் மறந்ததே இல்லை" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவர் இறந்துபோனார்.

பின்வாசலில் வண்டி வந்து நின்றது. இரண்டு பேர், ஒரு கையெழுத்து, பத்து நிமிடத்தில் காரியம் முடிந்தது. அவள் தெருவில் யாராவது தவறிவிட்டால், பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வந்து ஓரமாக நிற்பான். இங்கே வழியனுப்ப இரண்டே பேர்தான். அவளும், அழுக்குத் துணி மூட்டையோடு அந்தப் பக்கம் வந்த லாண்டரி அக்காவும். அந்த இல்லத்தில் அவளைத் தவிர தமிழ் பேசுகிற ஒரே ஆள் அக்காதான்.

அவளுக்கு மனசு கேட்கவில்லை. வண்டிக் கதவைச் சாத்தும்போது வாய் தானாகச் சொன்னது.

"போயிட்டு வாங்க, ஐயா."

அக்காவின் கையிலிருந்த மூட்டை நழுவியது. "என்னடி சொன்ன?"

"என்னக்கா?"

"செத்தவங்களைப் பாத்து போயிட்டு வாங்கன்னு எவளாவது சொல்லுவாளா?"

"பழக்கத்துல வந்துடுச்சு. அவருக்கு எங்கேக்கா தமிழ் தெரியப் போகுது?"

"ஆமா, தினமும் ட்யூஷன் எடுத்தது நான்தான் பாரு."

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் பதினோராம் அறையின் அழைப்பு விளக்கு எரிந்தது.

போய்ப் பார்த்தாள். விரிப்பு உருவிய வெறும் மெத்தை. சாத்திய ஜன்னல். விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். நடைபாதை முனையை எட்டும் முன் மறுபடி எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஒயரையே கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஒயர் இல்லாமலும் எரிந்தது.

வெள்ளிக்கிழமை அறைக்குள் தைல வாசனை கும்மென்று இருந்தது, அப்போதுதான் யாரோ தேய்த்துவிட்டது போல. வெறும் மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். ஓர் ஆள் படுத்த அளவு.

காதோரம் மெல்லிய குரல் கேட்டது.

"வந்துட்டேன்."

அந்த வார்த்தையை அவள் அவருக்குக் கற்றுக்கொடுத்ததே இல்லை.

துணி துவைக்கும் அறைக்கு ஓடினாள். அக்கா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நீ கூப்பிட்டதாலதான் வந்திருக்காரு. நீயே அனுப்பி வை. 'வா'ங்கிற பேச்சே இருக்கக் கூடாது. வீட்டுக்குப் போங்கன்னு மட்டும் சொல்லு."

"மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்கா."

"பேயோட சம்பந்தமா பேசப் போற? சொல்லித் தொலைடி."

வாசலில் நின்றே சொன்னாள். "வீட்டுக்குப் போங்க, ஐயா."

விளக்கு அணைந்தது. பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமானது. செருப்பைத் தேய்த்து நடக்கும் ஓசை அவளைக் கடந்து, நடைபாதை நெடுகப் போய், பின்வாசலில் ஓய்ந்தது. தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

அந்த நிம்மதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சனிக்கிழமை லீவு. மதியம் கணவன் போன் செய்தான். ஊரில் அப்போது காலை எட்டு மணி.

"உன் பொண்ணு பண்ற கூத்தைக் கேளு. எழுந்ததுலேர்ந்து வாசல்ல உக்காந்து தனியா பேசிட்டிருக்கா. தபால் தாத்தாவாம்."

பெரியவரைப் பற்றி அவள் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"வாசல்ல யாரு இருக்கா?"

"ஒருத்தருமில்ல. தைல வாசனைதான் ஆளைத் தூக்குது. எந்த வீட்லயோ தலைவலி போல."

எந்த வீட்டுக்கு அனுப்பினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் அறிந்த 'வீடு' உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"என்னங்க, குட்டியை உள்ள தூக்கிட்டு வந்து கதவைச் சாத்துங்க. சீக்கிரம்."

"விடிஞ்சு வெயில் ஏறினப்புறம் எதுக்குடி கதவைச் சாத்தணும்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"என்னங்க..."

"இரு, அவளே பேசணுமாம்."

மகளின் குரல் உற்சாகமாக வந்தது. "அம்மா, தாத்தாவுக்கு உன் வீட்டுக்கு வழி தெரியுமாம். கையைப் பிடிச்சுக்கிட்டா கூட்டிட்டுப் போறாராம். நான் போறேம்மா."

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.

நடுவில் ஒரு கடல் கிடந்தது. கத்தினால் கணவன் சிரிப்பான், சாத்தச் சொன்னால் காரணம் கேட்பான். காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குழந்தை படியிறங்கிவிடுவாள். அவளிடம் இருந்தது ஒரு வார்த்தைதான்.

"குட்டி, போனைத் தாத்தா பக்கம் காட்டு."

போனில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"ஐயா, குழந்தையை விட்டுடுங்க. நீங்க இங்கேயே வந்துடுங்க. என்கூடவே இருங்க."

மூச்சு நின்றது. பிறகு மகள் சிணுங்கினாள். "போம்மா. தாத்தா கையை விட்டுட்டுப் போயிட்டாரு."

அன்று முழுவதும் அவள் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. விடிந்தது. வேலைக்குப் போகத்தான் வேண்டும். கதவைப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். நிறுத்தத்தில் அவளைத் தவிர ஆளே இல்லை.

பஸ் வந்தது. ஏறினாள். டிரைவர் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கதவையும் மூடவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, தள்ளாடி வருபவர்களுக்காகவே உள்ள அந்தப் பொத்தானை அமுக்கினார். பஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, படியைத் தரையோடு தரையாக இறக்கிக் கொடுத்தது.

"மெதுவாக ஏறுங்கள், அவசரமில்லை" என்றார் டிரைவர்.