ஆறாவது இரைச்சல்

பெட்டிகள் ஐந்துதான். இரைச்சல் ஆறு இடங்களில் நின்று போனது.

கோகிலவாணி முதலில் தன் கவனப்பிசகு என்றுதான் நினைத்தாள். ஆம்ப்ளிஃபயரில் சோதனைப் பொத்தானை அழுத்தினால், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ஓர் ‘உஸ்ஸ்’ ஒவ்வொரு ஸ்பீக்கராக ஏறி இறங்கி அறையைச் சுற்றி வரும். டிவிக்கு இடது, நடு, வலது. பிறகு சோபாவுக்குப் பின்னால் வலது, கடைசியாக இடது. ஐந்தும் ஒரே அளவில் கேட்கின்றனவா என்று பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. பின்னிடதில் அடங்கியதும் மறுபடி டிவிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சோபாவுக்கும் படுக்கையறைக் கதவுக்கும் நடுவில், வெறும் சுவரோரமாகக் கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது.

எதிரொலியாக இருக்கும். செம்பூரின் இந்தச் சின்ன வீட்டில் குக்கர் விசில்கூட இரண்டாகத்தான் கேட்கும். அவள் எழுந்து திரையை இழுத்து மூடினாள். சோபாவை ஒரு சாண் நகர்த்தினாள். உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை, மறுபடி எழுந்தாள்.

மாட்டுங்காவில் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் காதுகளைச் சோதிப்பவளுக்குத் தன் காது மீது கர்வம் உண்டு. அதனால்தான் ஸ்பீக்கர் வாங்குவது இத்தனை மாதம் இழுத்தது. சவுண்ட்பாரில் சத்தம் இருந்தது, சதை இல்லை. ஒரே டப்பாவில் மொத்தமாக வரும் மலிவு செட்டுகளில் பேஸ் மட்டும் நெஞ்சில் குத்தும், பேசுவது தகரத்துக்குள்ளிருந்து வரும். பிடித்தவை எல்லாம் கைக்கு எட்டாதவை. கடைசியில் குர்லாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் தாராவிக்காரன் ஜீஷான்தான் இதைக் காட்டினான். மரப்பெட்டிகள். கண்ணை மூடிக் கேட்டால் பாடுகிறவரின் உதடு பிரிவதுகூடத் தெரிந்தது. அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

“ஏட்டி, என்ன சத்தம் அது?” படுக்கையறையிலிருந்து கணவர் மாரிக்கண்ணனின் குரல் வந்தது. பட்டறையில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுத்தவர், சாயங்காலமாகியும் எழுந்திருக்கவில்லை.

“டெஸ்ட் பண்ணுதேன். நீங்க தூங்குங்க.”

“மெதுவா வையி.”

குறைத்து வைத்தாள். வெளியே ஆடி மழை பெய்து ஓய்ந்து, கம்பிகளில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு, பழைய பெட்டிகள் சூடாகும் வாசனையும் அறையில் கலந்திருந்தது. வார்னிஷும் தூசியுமாய், கொஞ்சம் முடி பொசுங்குவது போலவும்.

மறுபடி பொத்தானை அழுத்தினாள். இடது. நடு. வலது. பின்வலது. பின்னிடது.

பிறகு, படுக்கையறை நிலைப்படியில்.

சுவரோரம் இல்லை இப்போது. நகர்ந்திருந்தது.

அவள் ஜீஷானுக்குப் போன் போட்டாள். “தம்பி, இந்த செட்டுல மொத்தம் எத்தன ஸ்பீக்கர்?”

“அஞ்சுதாங்க்கா. பின்னாடி பாருங்க, அஞ்சு பெட்டிக்குத்தான் ஒயர் குத்த இடமே இருக்கு. ஏன், எதாச்சும் லஃப்டாவா, கோளாறா?”

“அஞ்ச விட்டு வேற எடத்துலயும் சத்தம் வருது.”

“என்னது? அங்க மழ ரொம்ப அடிக்காக்கா? உஸ்ஸுன்னு இரையுது. நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு.”

ஜன்னலைப் பார்த்தாள். மழை இல்லை. அவள் காதுக்கு அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

போனை வைத்தாள். பொத்தானைத் தொடவில்லை. தொடாமலே சுற்று தொடங்கியது. இடதில் வந்தபோது அவள் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. நடு. வலது. முதுகுக்குப் பின்னால் வலது. இடது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

படுக்கையறைக்குள்.

ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்ளிஃபயரின் பச்சை விளக்கு அணைந்தது. ஐந்து பெட்டிகளும் அடங்கின.

ஆறாவது அடங்கவில்லை.

“என்னங்க,” என்றாள். “என்னங்க, எந்திரிங்க.”

உஸ்ஸ்.

கதவு பாதி சாத்தியிருந்தது. விரலால் தள்ளினாள். உள்ளே அதே முடி பொசுங்கும் வாசனை, இங்கே இன்னும் அடர்த்தியாக. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மாரிக்கண்ணன் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. வாய் திறந்திருந்தது.

அதிகமாகத் திறந்திருந்தது. தாடை நெஞ்சில் முட்டும் அளவுக்கு.

நாக்கு இல்லை. பல் இல்லை. உதடுகளின் விளிம்பு வரை, ஸ்பீக்கருக்குள் இருப்பது போலவே, வட்டமாக ஒரு கறுப்புக் கூம்பு இருந்தது. நடுவில் குமிழ். அது அதிர்ந்தது. அதிர, அதிர, இரைச்சல்.

அவள் கத்த நினைத்தாள்.

இரைச்சல் நின்றது. குமிழ் அசையாமல் அவளைப் பார்த்தாற்போல் இருந்தது.

அடுத்த இடத்துக்குப் போக அது எப்போதும் எடுத்துக்கொள்ளும் அதே இடைவெளி.

கோகிலவாணியின் காதோரம், தாடை எலும்பு ‘டக்’கென்று தானாக விலகியது.