சித்தி லைன்ல இருக்கா

“சித்தி இன்னைக்கு ரொம்ப நேரம் கதைச்சா” என்று சொல்லிக்கொண்டே அடெலின் சோற்றிலிருந்த கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை சித்தியோடு பேசியதைச் சொல்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவளுடைய அம்மா ஜெசிந்தா அன்றைக்கு இன்னும் சித்தியாகப் பேசியிருக்கவில்லை என்பதுதான் இருக்கிறது.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பிறகு, நேற்றுப் பேசியதைப் பிள்ளை இன்றைக்கென்று சொல்கிறாள் எனத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இளையவன் ஜோயலுக்கு அடுத்த வாய்ச் சோற்றை ஊட்டினாள். வெளியே கச்சான் காற்று எழும்பிவிட்டிருந்தது. ஆடி மாதத்து மத்தியானங்களில் உள்துறைமுகத்தைக் கடந்து வரும் அந்த வறண்ட காற்று, ஓர்ஸ்ஹில் மேட்டிலிருந்த அவர்களுடைய வாடகை வீட்டின் ஜன்னல் கொக்கிகளையெல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு, டீசலும் காய்ந்த பாசியும் மாவாலையின் கோதுமைத் தூசியும் கலந்த வாடையைக் கதவிடுக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் தூசிக்குப் பயந்து அடைத்துக் கிடந்தன.

தூத்துக்குடியிலிருந்து அவர்கள் இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கணவன் ரிக்சனுக்குத் துறைமுகத்தில் இறங்குதுறை கட்டும் வேலை. சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம்தான் என்று பேர். போய்வருவதென்றால் கொழும்பு, விமானம், விசா என்று ஏழு சமாச்சாரம். மாசியில் ஜெசிந்தாவின் தங்கை பிரின்சி மூன்றே நாள் காய்ச்சலில் செத்துப்போனபோது, குடும்பத்தின் நான்கு பாஸ்போர்ட்டும் விசா நீட்டிப்புக்காகக் கொழும்பில் யாருடைய மேசையிலோ கிடந்தன. தங்கையை மண்ணில் இறக்கியதை அவள் குளியலறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு கைபேசியில் பார்த்தாள். அம்மா ஏன் அழுகிறாள் என்று அடெலின் கதவைத் தட்டிக் கேட்டபோது, கண்ணில் சோப்பு என்றாள். அந்தச் சோப்பு ஒரு வாரமாகியும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. யார் மூலமாவது பிள்ளை காதுக்குப் போய்விடுமே என்ற பயம். அடெலினோ ஞாயிற்றுக்கிழமை வந்தால் விடமாட்டாள். சித்தி எங்கே, சித்தி ஏன் கூப்பிடவில்லை, சித்தி பேசினால்தான் சாப்பிடுவேன். சொந்த ஊரில் வளர்கிற பிள்ளையென்றால் சாவு வீட்டைப் பார்த்திருக்கும், பெட்டியைத் தொட்டிருக்கும், அழுது முடித்திருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஆச்சி, தாத்தா, சித்தி எல்லாருமே ஒரு டேப்லட் திரைக்குள்ளிருந்து வரும் குரல்கள். அதில் ஒரு குரலை நிறுத்தாமலே வைத்திருக்கலாமே என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றிவிட்டது.

அக்காவுக்கும் தங்கைக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரே குரல். போனில் பேசினால் பெற்ற அப்பாவே குழம்புவார். தொண்டையைக் கொஞ்சம் இறுக்கி, கரகரப்பைச் சேர்த்து, “ஏட்டி குட்டிம்மா, என்னட்டி செய்யுத?” என்று ஆரம்பித்தால் போதும், பிரின்சி வந்துவிடுவாள். பிள்ளைகளின் அறையில் டேப். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புகை இழுக்கும் விசிறியைச் சத்தமாக ஓடவிட்டு, கைபேசியோடு ஜெசிந்தா. சித்தியின் போனில் கேமரா உடைந்துவிட்டது என்று ஒரு பொய், அம்மா குளிக்கிறாள் என்று இன்னொரு பொய். முதல் நாள் பேசி முடித்ததும் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அடெலின் அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

பிறகு பழகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், பிடித்தும் போயிற்று. உதவிக்கு மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, இரண்டு பிள்ளைகளோடு நாள் முழுக்கத் தனியாகக் கிடந்து அம்மாவாக எரிந்து விழுகிறவள், சித்தியாக மாறியதும் கொஞ்சினாள், கதை சொன்னாள், பொறுமையாகக் கேட்டாள். “அம்மா சும்மா சும்மா கத்துறா சித்தி, நீ வந்துரு” என்று பிள்ளை சொல்லும்போது தன் மீதே பொறாமைப்பட்டாள். ரிக்சன் ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரமாக வந்து அதைக் கேட்டுவிட்டான். “செத்தவ குரல வாயில வச்சிக்கிட்டுத் திரியாத ஜெசி. நல்லா இல்ல, நிறுத்து” என்றான். இந்த ஞாயிறோடு நிறுத்துகிறேன் என்றாள். அப்படிச் சொல்லி ஆறு ஞாயிறு போய்விட்டது.

பாத்திரங்களைக் கழுவி முடித்து, வீட்டு வேலைக்கு வரும் பஸ்மியா கிண்ணியாவுக்குப் போகும் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “உங்கட தங்கச்சி எப்ப வந்தவ?” என்று கேட்டாள்.

“யாரு?”

“காலையில நீங்கள் மார்க்கெட்டுக்குப் போன நேரம் பிள்ளையள்ட அறைக்குள்ள பொம்பிளக் கதை கேட்டுது. உங்கட குரல்தான், கொஞ்சம் அடைச்ச மாதிரி. சின்னவர் விழுந்து விழுந்து சிரிச்சவர். சொந்தக்காரர் வந்து நிக்கிறாங்க எண்டு நான் உள்ளுக்குப் போகேல்ல.”

“டேப்ல பேசியிருப்பாங்க அக்கா.”

பஸ்மியா முக்காட்டைச் சரிசெய்தபடி அவளை ஒருமாதிரியாகப் பார்த்தாள். “டேப் குசினி மேசையில சார்ஜில கிடந்தது தங்கச்சி. நான்தான் எடுத்து வச்சனான்” என்றாள். வேறெதையும் கேட்க அவளுக்கு விருப்பமில்லை போல. பஸ் போயிடும் என்று சொல்லிக்கொண்டு வேகமாக இறக்கத்தில் இறங்கிப் போனாள்.

ஜெசிந்தா வாசற்கதவைச் சாத்தினாள். பயமாக இருந்தது, வேறெதுவும் இல்லை, சுத்தமான பயம். டேப்பை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு எந்த அழைப்பும் இல்லை. பிள்ளைகளின் அறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலுமாரியைத் திறந்து தொங்கிய துணிகளைக் கையால் விலக்கிப் பார்த்தாள், ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தபடியே இருந்தன. தலையணைப் பக்கத்தில் மட்டும் ஒரு வாசனை. அவளுடைய பவுடர்தான். அவள் அந்த டப்பாவைத் திறந்து நாலு நாளாகிறது.

பிள்ளைகளை மத்தியானத் தூக்கத்துக்குப் படுக்கவைத்தபோது அடெலின் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, சித்திக்கு உன் குரல் வருது, தெரியுமா?”

“என்ன வருது?”

“உன்ன மாதிரி பேசிப் பழகுறா. தினமும். முதல்ல கத்துறது மட்டும்தான் வந்துச்சு. இப்ப கொஞ்சுறதும் வருது. அச்சு அசல் நீதான்.”

“சித்தி எங்க இருந்து பேசுறா?”

“இங்கதான்” என்று பிள்ளை தனக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“மூஞ்சியப் பாத்தியா?”

“சித்திக்குத்தான் கேமரா உடைஞ்சு போச்சே!” என்றாள் அடெலின், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, சித்தி செத்துப்போய்விட்டாள் என்று நாலு வார்த்தை. அழுவார்கள். அழட்டுமே. ஆனால் ஐந்து மாதம் ஏமாற்றிய அம்மாவைப் பிள்ளை இனி நம்பமாட்டாள் என்ற பயம், சுவரோரத்துப் பயத்தையும் மிஞ்சி நின்றது. பிள்ளையின் கற்பனை, பஸ்மியாவின் காது, எல்லாம் இந்த நாடகம் ஓடுவதால் வந்த வினை. இன்றைக்கே முடித்துவிடுவோம் என்று நினைத்தாள். சித்தி தூர தேசத்துக்குப் போகிறாள், இனிப் பேச முடியாது. கடைசியாக ஒரு பொய். டேப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, “சித்தி இப்ப கூப்பிடுவா. அம்மா குளிச்சிட்டு வாரேன்” என்று சொல்லி வெளியே வந்தாள்.

சமையலறைக் கதவைச் சாத்தினாள். விசிறியைப் போட்டாள். தொண்டையை இறுக்கிக்கொண்டாள். மணி மூன்று. முற்றத்து வெயிலில் கண் கூசியது.

மூன்று தடவை மணி அடித்தது. எடுத்தார்கள்.

“ஏட்டி குட்டிம்மா…”

மூச்சு மட்டும். சின்னப் பிள்ளையின் மூச்சு இல்லை அது.

“யாரு, பிரின்சியா?” என்றது அந்தப் பக்கம். “பிள்ளைங்க இப்பதான் படுத்திருக்கு. பிறகு பேசு.”

ஜெசிந்தாவின் சொந்தக் குரல்.

கரண்ட் போயிற்று. விசிறி இழுத்து இழுத்து நின்றது. வீடே அமைதியானபோது, கைபேசியில் கேட்ட அதே குரல் நடைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கேட்டது. மெதுவாகத் தாலாட்டிக்கொண்டிருந்தது.

ஓடினாள். பிள்ளைகளின் அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அந்தத் தாழ்ப்பாள் அடெலினுக்கு எட்டாது. கதிரை போட்டு ஏறினாலும் எட்டாது.

“அடெலின்! கதவத் திற! அம்மாடா!”

அவள் வாயிலிருந்து வந்தது பிரின்சியின் குரல். கரகரப்பாக, அடைத்துக்கொண்டு. இருமினாள். எச்சில் விழுங்கினாள். கையால் கழுத்தைத் தேய்த்தாள். “அம்மா” என்று மறுபடி சொல்லிப் பார்த்தாள். மறுபடியும் பிரின்சி. இறுக்கிய தொண்டை விட்டுக்கொடுக்கவில்லை.

உள்ளே அடெலின் துள்ளிக் குதித்தாள். “அம்மா, சித்தி வந்துட்டா! வாசல்ல நிக்கிறா!” சின்னக் கால்கள் கதவை நோக்கி ஓடிவந்தன.

“நில்லு கண்ணு” என்றது உள்ளே இருந்த குரல். நிதானமாக. ஜெசிந்தாவுக்கு ஒருநாளும் வாய்க்காத பொறுமையோடு. “அம்மா உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். பிரின்சி சித்தி செத்துப் போயிட்டா. மாசி மாசமே. மண்ணுக்குள்ள வச்சாச்சு.”

கால்கள் நின்றன.

“அப்ப வெளிய நிக்கிறது யாரு?”

“அதான் சொல்லுதேன். திறக்கக் கூடாது.”

பிள்ளை அலறினாள். ஜெசிந்தா கதவை இரண்டு கையாலும் அடித்தாள். இல்லடா, நான்தான்டா, அம்மாடா. ஒவ்வொரு வார்த்தையும் செத்தவளின் குரலில். ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளே அலறல் கூடியது. “போ! போ சித்தி! போயிரு!” தன் குரல்தான் பிள்ளையை வதைக்கிறது என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரிக்சனை அழைத்தாள்.

“ரிக்சன், உடனே வாங்க, பிள்ளைங்க…”

“இந்தக் குரல்ல என்கிட்டயும் பேசுதியா ஜெசி? உனக்கு வெக்கமா இல்ல?” வைத்துவிட்டான்.

திரும்ப அழைத்தாள். வேறு அழைப்பில் இருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் டேப் மணியடித்தது. அவளுடைய குரல் சிரித்தது. “ஒண்ணுமில்லங்க, சும்மா விளையாடினேன். இனி அப்படிப் பேச மாட்டேன். பிள்ளைங்க என் பக்கத்துலதான் இருக்கு. நீங்க நிதானமா வாங்க.”

வாசல் வழியாக வெளியே ஓடி வீட்டைச் சுற்றினாள். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. பிள்ளைகளின் ஜன்னல். ஒரு பலகைக் கதவு மட்டும் திறந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அரை இருட்டு. கட்டிலில் ஒரு பெண்ணின் முதுகு. மஞ்சள் நைட்டி. ஜெசிந்தா அப்போது உடுத்தியிருந்த அதே நைட்டி, தோளில் அதே குழம்புக்கறை. மடியில் அடெலின் முகம் புதைத்துக் கிடந்தாள். அந்தத் தோளில் ஜோயல்.

கூப்பிடவில்லை. குரல்தானே போனது. முகம் இருக்கிறதே. பிள்ளை ஒரு தடவை பார்த்தால் போதும். என் முகம். காத்திருந்தாள்.

அடெலின் தலையைத் தூக்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜெசிந்தா கம்பிக்குள் கையை நீட்டிச் சிரித்தாள். அம்மா சிரிக்கிற மாதிரி.

பிள்ளையின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கண்கள் செருகின. விரிப்பில் ஈரம் பரவியது. பிறகு அந்த மடிக்குள்ளேயே, இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே புகுந்துகொண்டாள்.

மஞ்சள் நைட்டி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை பிள்ளையின் தலையைத் தடவியது. மற்றக் கை பின்னால் நீண்டு ஜன்னல் பலகையைப் பிடித்தது. மெதுவாக இழுத்தது.

ஜோயலுக்கு இன்னும் பயம் தெரியாத வயது. பலகை மூடுகிற வரைக்கும் அவன் அந்தத் தோளுக்கு மேலாக ஜெசிந்தாவைப் பார்த்துச் சிரித்தபடி, பிஞ்சு விரல்களை மடக்கி மடக்கி விரித்தான்.

“டாட்டா சித்தி” என்றான்.