நான்கு விரல் பிடி

திரையில் வெளிச்சப் புள்ளிகள் சிதறிக் கிடக்க வேண்டும். அவை ஒரே இடத்தில் கூடி நின்றன.

பெரியவர் மல்லாந்து படுத்திருந்தார். காலையில் அவருடைய ரத்தத்தை எடுத்து, தட்டணுக்களைப் பிரித்து, படத்தில் தெரியும் மருந்தை அவற்றில் ஏற்றி, மறுபடி உடம்பில் செலுத்தியிருந்தார்கள். இதயத்தில் தைத்த குழாயில் அவை எங்கே ஒட்டுகின்றனவோ அந்த இடம் திரையில் மின்னும். சூடேறிய கம்பியின் வாடை அடித்தது. தலைக்கு மேல் கருவி பல்லைக் கடிப்பதுபோல் நறநறவென்று சுற்றியது. கண்ணாடிக்கு அப்பால், அதே படம் தெரியும் இன்னொரு திரையருகே மகள் நின்றாள்.

"போட்டோவுக்குச் சிரிக்க வேண்டாம் ஐயா, கல்லு மாதிரி படுங்க போதும்," என்றாள் படமெடுப்பவள்.

தலைகுனிந்து பழக்கமில்லாதவர் அவர். போன வருடம், பழுதான இதயக் குழாய்க்குப் பதிலாகப் பன்றியின் குழாயை வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது சீறினார்: "எங்க பரம்பரை நெஞ்சுல பன்னியா? மனுஷனோடது வைங்க." இறந்த ஒருவனுடையதை உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்தார்கள். யாருடையது என்று சொல்லும் வழக்கமில்லை. அவரும் கேட்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், மகள் சொல்லாமல் கட்டிக்கொண்ட அச்சகக்காரனை மாடிப்படியில் இரும்புக் கம்பியால் அடித்தது அவர்தான். மண்டை பிளந்த பிறகும் அவன் அவருடைய மணிக்கட்டை விடவில்லை. மோதிர விரலை அச்சு இயந்திரம் தின்றிருந்த கை. மீதி நான்கையும் ஒவ்வொன்றாக முறித்துத்தான் விடுபட்டார். சறுக்கி விழுந்தான் என்றார். மகளைக் கையெழுத்திட வைத்து உடலைத் தானம் கொடுத்தார். ஊர் மெச்சியது. மானம் தப்பியது.

புள்ளிகள் நீண்டன.

கட்டைவிரல். சுட்டுவிரல். நடுவிரல். ஒரு காலி இடம். சுண்டுவிரல்.

மார்புக்குள் ஒரு பிடி. விட்டது. மறுபடி, இன்னும் இறுக்கமாக. உள்ளே ஏதோ கிழிந்தது. கத்த வாய் திறந்தார், ரத்தம்தான் கொப்பளித்தது.

படமெடுப்பவள் மருத்துவரைத் தேடி ஓடினாள். மகள் ஓடவில்லை. திரையையே பார்த்தாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் மெல்ல வந்தது.

"அப்பா, அவரு எப்படி விழுந்தாரு?"

பிடி தளர்ந்தது. பேசும் அளவுக்கு மட்டும்.

உயிரா, மானமா? அவருக்கு அதில் என்றுமே சந்தேகம் இருந்ததில்லை.

"சறுக்கி... விழுந்தான்மா."

கண்ணாடிக்கு அப்பால் மகள் தன் மோதிர விரலைத் திரையின் காலி இடத்தில் வைத்தாள்.

ஐந்தும் மடங்கின.