உள்தாழ்ப்பாள்

இரும்பு அறைக்கு மூன்று தாழ்ப்பாள்கள் இருந்தன, மூன்றும் உள்பக்கம். கிரேன் வண்டி அதை வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகுதான் எல்சி அதைக் கவனித்தாள். வெளியே பூட்டு மாட்ட ஒரு கொண்டி இல்லை. இருந்து பிடுங்கிய தடம்கூட இல்லை. கருவாட்டுக்குக் காவலாக எந்தப் புண்ணியவான் ராத்திரி முழுக்க உள்ளேயே நின்று தாழ் போடுவான் என்று அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஒரு கொண்டி வெச்சி வெல்டு அடிச்சா முடிஞ்சிச்சி. இதுக்குப் போய் மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற," என்றான் அவள் கணவன் ராசையா.

"சிரிச்சிகினு தான்யா கீறேன். நல்லா பாரு."

நெட்டுக்குப்பத்தில் அந்த வீட்டுக்குப் பின்னால் பதினைந்து வருடமாக ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. எல்சி காயவைக்கிற நெத்திலியும் வாளையும் காரப்பொடி மீனும் அதில்தான் அடையும். எலி வரும், பூனை வரும், ஐப்பசி பிறந்தால் மழையும் அழைக்காத விருந்தாளியாக உள்ளே வந்து உட்காரும். போன மழையில் கொட்டகை ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. மணலியில் மூடிப்போன கம்பெனிகளின் தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கி விற்கும் டில்லிபாபு ராசையாவுக்குத் தோஸ்து. தன் இடத்தில் புல் மண்டிக் கிடந்த இந்த அறையை அவன் இவர்கள் தலையில் கட்டிவிட்டான்.

எட்டடிக்கு ஆறடி. கனமான தகடு. கதவைச் சுற்றிக் கட்டைவிரல் தடிமனுக்குக் கறுப்பு ரப்பர். கதவில் ஒரு முகம் தெரியும் அளவுக்குத் தடித்த கண்ணாடி. பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அகலத்துக்கு வேறு தகடு வைத்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். அதையெல்லாம் எல்சி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரப்பரைப் பார்த்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். இனி எறும்புகூட மோப்பம் பிடிக்க முடியாது.

வெல்டிங்காரர் வந்து கொண்டி வைத்தார். மறுநாள் காலையில் அது மணலில் கிடந்தது. திரும்ப வந்து, இரண்டு மடங்கு கம்பியைக் கரைத்து, இனி யானை இழுத்தாலும் வராது என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் மறுநாள் மணலில் கிடந்தது. ராசையா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, தான் வேலை செய்யும் லாஞ்சு கடலுக்குக் கிளம்புகிற அவசரத்தில், சனிக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று காசிமேட்டுக்குப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் வெயில் சாய்வாக விழுந்தபோது, சாம்பல் நிறப் பெயிண்டுக்கு அடியில் கதவு முழுக்க நசுங்கல்கள் தெரிந்தன. இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம் வரை, சின்னதும் பெரிதுமாக, ஒன்றின் மேல் ஒன்றாக. எல்சி ஒன்றில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையின் அடிப்பக்கம் சரியாக அதில் போய் உட்கார்ந்தது. கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள், ஏன் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனால் அந்த அறையை வெறுக்க அவளால் முடியவில்லை. காரணம் அவள் மகள் சினேகா.

பதினோரு வயது. பிறந்ததிலிருந்து இழுப்பு. காற்று அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து திரும்பினால் கொடியில் காயும் துணியில் சாம்பல் படியும். அன்று ராத்திரி சினேகா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், நெஞ்சுக்குள் விசில் ஊதும். எல்சியும் எதிரே உட்கார்ந்து, அந்த விசில் நின்றுவிடக் கூடாது, நிற்கவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பாள். இந்தப் பிள்ளை மூச்சு விட்டால்தான் எல்சிக்கு மூச்சு. அப்படிப்பட்ட பெண் கூடை அடுக்க இரும்பு அறைக்குள் போனவள், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "மா, உள்ள இழுப்பே வரல மா," என்றாள். எல்சி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அன்றிலிருந்து வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேதான்.

புதன்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். வானம் மூடிக்கொண்டு நின்றது. எல்சி அறைக்குள் உட்கார்ந்து வாளைக் கருவாட்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். காற்றுக்குக் கதவு ஆடியதால் இழுத்துச் சாத்தி, ஒரு தாழ்ப்பாளை மட்டும் போட்டிருந்தாள். சாத்தியதும் வெளியே இருந்த உலகமே நின்றுபோனது. டாங்கர் லாரியின் ஹாரன் இல்லை, அலை இல்லை, காக்கை இல்லை. உப்பும் மீனும் கலந்த வாசனையும், நூல் உரசுகிற சத்தமும், தன் மூச்சும்தான். அந்த அமைதி முதலில் சுகமாக இருந்தது. பிறகு, இத்தனை அமைதியை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து தன்னோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

அப்போது கதவில் சத்தம் கேட்டது. விரலை மடக்கித் தட்டுகிற சத்தம் இல்லை. உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

"யாரு?"

மறுபடியும் ஓர் அடி. பிறகு இடது சுவரில். பிறகு கதவில் மேலே, கீழே, ஒரே நேரத்தில். ரப்பரைத் தாண்டி ஒரு குரல் மெல்லிசாக வந்தது. வார்த்தை புரியவில்லை, கெஞ்சுகிற தொனி மட்டும் புரிந்தது. எல்சி பதறித் தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. கொடியில் துணி ஆடிக்கொண்டிருந்தது. கதவுக்கு முன்னால் தெருநாய் சுருண்டு தூங்கியது, தலையைக்கூடத் தூக்கவில்லை. மணலில் அவள் காலடி மட்டும்தான். ஒரு நொடி, மூக்கைத் துளைத்துக்கொண்டு ஒரு காரமான நெடி. கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அதுவும் போய்க் கடல் வாசனை வந்தது.

எவனோ குடிகாரன் வேலை என்று வைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. அதே நேரம், கதவில் அதே உள்ளங்கைச் சத்தம். ஆனால் இந்த முறை குரலில் வார்த்தை இருந்தது. "மா, தொற மா. மூச்சு முட்டுது மா." சினேகாவின் குரல். எல்சி விழுந்தடித்துக்கொண்டு திறந்தாள். நாய், துணி, மணல். சினேகா பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் மெதுவாகக் கேட்டாள். "அந்த ரூம்புக்குள்ள கீறப்ப எவுனாச்சும் தட்டுறானா பாப்பா?"

"ஆங், தட்டுவாங்க." சினேகா அப்பளத்தை உடைத்தாள். "நான் தொறக்க மாட்டேன்."

"யாரு கொரலு மாரி கேக்குது?"

"உன் கொரலு மாரி."

"அப்பறம் ஏன்டி தொறக்கல?"

"அது நீ இல்லன்னு தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு அவள் அடுத்த அப்பளத்துக்குக் கை நீட்டினாள். எல்சி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "நல்லது. தொறக்காத. என் கொரலாவே இருந்தாலும் தொறக்காத. நைனா சனிக்கெழம வந்து அந்தத் தாழ்ப்பாள எல்லாம் அறுத்துப் போட்டுரும். அதுவரிக்கும் நீ தனியா அங்க போவக் கூடாது, தெரிதா?"

சினேகா தலையாட்டினாள். ராத்திரி முழுக்க இருமினாள்.

வெள்ளிக்கிழமை எல்சி திருவொற்றியூர் தேரடிச் சந்தையில் கருவாட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டு மணிக்குத் தார்ப்பாய்க்கு அடியில் ஒடுங்கியபடி டில்லிபாபுவுக்குப் போன் போட்டு, அந்தச் சனியனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள்.

"இன்னா அண்ணி, அதுல இன்னா பேஜாரு?"

"அது இன்னா ரூம்பு? மறைக்காம சொல்லு."

டில்லிபாபு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கம்பெனில கேஸ் லீக் ஆச்சின்னா ஆளுங்க ஓடிப்போய் பூட்டிக்கிற ரூம்பு, அண்ணி. எட்டு பேரு நிக்கலாம். வெளிய இருந்து தொறந்தா கேஸ் உள்ள வந்துரும்ல, அதான் தாழ்ப்பாளு உள்ள."

"அப்பறம்?"

"நான் பாக்கல. சொல்லக் கேட்டது தான். ஒரு வாட்டி லீக் ஆயிருக்கு. ஒருத்தன் மொதல்ல ஓடியாந்து பூட்டிக்கினான். பின்னாடியே ஏழு பேரு. காத்து பத்தாதுன்னு நெனச்சானோ, இன்னாவோ. தொறக்கல."

"ஏழு பேரும்?"

"கதவாண்டயே."

"உள்ள கீறவன்?"

"கேஸ் எல்லாம் அடங்குனப்பறம் ஆளுங்க போய்த் தட்னாங்களாம். கூப்ட்டாங்களாம். அவன் பொண்டாட்டியவே இட்டாந்து கூப்ட வெச்சாங்களாம். அது என் பொண்டாட்டி இல்ல, செத்தவனுங்க தான் அவ கொரல்ல பேசுறானுங்கன்னு உள்ள இருந்தே கத்திக்கீறான். பின்னாடி தகட்ட அறுத்து தான் எடுத்தாங்க. அதுக்குள்ள காத்து தீந்து..."

எல்சி மீதியைக் கேட்கவில்லை. போனில் ஏற்கெனவே ஒரு செய்தி வந்து கிடந்தது. மழையால் மதியம் பள்ளிக்கூடம் விடுமுறை. அனுப்பி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

வீட்டில் சினேகாவிடம் இருக்கும் பழைய போனுக்குப் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. வீட்டுக்குள் எங்கே இருந்தாலும் அந்தப் போனில் சிக்னல் எடுக்கும். ஒரே ஓர் இடத்தில்தான் எடுக்காது.

கருவாட்டைப் போட்டது போட்டபடி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். எர்ணாவூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. வண்டி அசையவில்லை. டிரைவர் பீடி பற்ற வைத்தார். எல்சி இறங்கி ஓடினாள். லாரிச் சக்கரங்களுக்கு நடுவே, முழங்கால் வரை கறுப்புத் தண்ணீரில், செருப்பு ஒன்று போனது தெரியாமல் ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் நனைந்த பள்ளிக்கூடப் பை. அதன் மேல் நீல நிற இழுப்பு மருந்து. அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

இரும்பு அறை சாத்தியிருந்தது.

"பாப்பா! அம்மா வந்துட்டேன்டி! தொற!"

கதவைப் பிடித்து இழுக்க வெளியே எதுவும் இல்லை. உள்ளங்கையால் அறைந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அதே சத்தம். புதனும் வியாழனும் கேட்ட அதே சத்தம்.

கண்ணாடியில் உள்ளே ஆவி படிந்திருந்தது. நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். உப்பு மூட்டைமேல் சினேகா உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு வெளுத்திருந்தது. இழுக்கிறது. பயங்கரமாக இழுக்கிறது.

"சினேகா! இத பாரு, மருந்து! இத பாரு!" மருந்தைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள். "மச்சம் கீதுல்ல ஒனக்கு, முட்டிக்குப் பின்னாடி! நேத்து அப்பளம் சுட்டுக் குடுத்தேன்ல! நான்தான்டி! தொறக்காதன்னு நேத்து தெரியாம சொல்ட்டேன்டி! தொற!"

சினேகா நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை. பிறகு முகத்தைத் திருப்பி, தனக்குப் பின்னால், அறையின் இருட்டு மூலையைப் பார்த்து ஏதோ சொன்னாள். எல்சி காதை இரும்பில் அழுத்தினாள்.

"...அம்மா மாரியே அழுவுது. எல்லாம் தெரிஞ்சி வெச்சிகினு கீது."

மூலையிலிருந்து பதில் வந்திருக்க வேண்டும். சினேகா தலையாட்டினாள்.

எல்சி அறைந்தாள். தோளால் இடித்தாள். அண்டை வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கத்தினாள். மழையில் யாருக்கும் கேட்கவில்லை. மூக்கில் அந்த நெடி ஏறியது. கண் எரிந்தது. அவள் இரண்டு கையால்தான் அறைந்தாள். சத்தம் இரண்டு கைக்கு அதிகமாக வந்தது. இடப்பக்கம் ஒரு தோள் அவள் தோளை நெருக்கியது. வலப்பக்கம் இன்னொன்று. பின்கழுத்தில் யாரோ மூச்சு விட முடியாமல் விட்டார்கள். அவள் திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே சினேகா பயத்தில் குறுகினாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

அவளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. பெரிய கைகள். அவசரமே இல்லாமல், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற பதத்தில், அவள் காதுகள் இரண்டையும் பொத்தின.

சினேகாவின் முகம் தெளிந்தது. அந்தக் கைகளுக்குள் தலையைச் சாய்த்து, நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.