பதினான்கு கால் பூச்சி

இந்தக் காலத்தில் ஒரு பெட்டி பேசாமல் நின்றுவிட்டால் அடுத்த நிமிடம் அது குப்பை. திறந்து பார்ப்பவன் கிடையாது. தட்டிப் பார்ப்பவன்கூடக் கிடையாது. மனிதர்களிடமும் அதே பழக்கம் வந்துவிட்டது. ஒருவன் சட்டையில் ரத்தம் இருந்தால் அவன்தான் கொலைகாரன். உள்ளே தள்ளு, கதவைப் பூட்டு, சாப்பிடப் போ. கதவைத் தட்டிவிட்டு வரும் வழக்கமும் ஒழிந்துவிட்டது.

அந்தப் பெண்ணும் தட்டாமல்தான் வந்தாள். ரேடியோக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நாற்பது வருடம் ரேடியோ பழுது பார்த்தவர். யாரையும் நம்பமாட்டார். அதனாலேயே அக்கம்பக்கத்தில் நாலைந்து திருடர்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பக்கத்தில் அவர் மச்சான், மனைவியின் தம்பி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், நிமிர்ந்து உட்கார்ந்தான். வழக்கு என்றால் அவனுக்குப் பசிகூட எடுக்காது.

"ஐயா, என் தம்பியைக் கொன்னுடுவாங்க," என்றாள் அவள்.

தம்பி பழைய மின்சாதனங்களைப் பிரிக்கும் கொட்டகையில் மூட்டை தூக்குபவன். அங்கே சிப்புகளை அடையாளம் சொல்பவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள். நேற்று ஐந்து மணிக்குத் தம்பி பின்கட்டில் மூட்டைகளை அடுக்கிவிட்டு உள்ளே வந்தபோது கண்ணாடிக்காரர் மண்டை உடைந்து கிடந்தார். தம்பி அவரைத் தூக்கி மடியில் போட்டிருந்த நேரத்தில் முதலாளி வேனில் வந்து இறங்கினார். போன வாரம்தான் தம்பியும் கண்ணாடிக்காரரும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தார்கள்.

"போலீஸ் ஸ்டேஷன்ல நேத்துலேருந்து அடிக்கிறாங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட வைப்பாங்களாம்."

"உன் தம்பி செய்யலைன்னு எப்படித் தெரியும்?"

"என் தம்பி ஐயா அவன்."

"அது பதில் இல்ல," என்றார் ரேடியோக்காரர். "செருப்பை எடு மச்சான்."

கொட்டகையில் ரத்தம் இன்னும் முழுதாகக் காயவில்லை. சுத்தியல் கிடந்த இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டிருந்தார்கள். சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. ஒரு அடியில் முடிந்த விஷயம் இல்லை. பத்தடி தள்ளி, ஒன்றுமே நடக்காதது போல, ஈயக்காரன் வேலை செய்துகொண்டிருந்தான்.

"சரக்கு தேங்கி நிக்குதுங்க, வேலையை நிறுத்த முடியல," என்று முதலாளி சமாதானம் சொன்னார்.

ஈயக்காரனின் வேலை போர்டிலிருந்து சிப்புகளைப் பிடுங்குவது. போர்டைக் குப்புறக் கவிழ்த்துப் பிடித்து, கொதிக்கும் ஈயத்தைக் கரண்டியால் அதன் முதுகில் ஊற்றி, ஒரு தட்டுத் தட்டுவான். சிப்புகள் கீழே வாளியில் உதிரும். அவன் பார்ப்பதெல்லாம் முதுகுப்பக்கத்துக் கால்நுனிகளைத்தான். முன்னங்கை முழுக்கப் பழைய சூட்டுத் தழும்பு. இடுப்பில் ஒரு சாக்கு கட்டியிருந்தான். ரேடியோக்காரர் அந்தச் சாக்கையே சிறிது நேரம் பார்த்தார்.

அங்கே நின்ற இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்காரரின் நோட்டை நீட்டினார். "இதைப் பாருங்க பெரியவரே, பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க. மூணரை மணிக்கு முதலாளி வேனோட வாசல்ல நின்னு ஆரன் அடிச்சார், உள்ளயிருந்து ஈயக்காரன் வந்து ஏறினான். ரெண்டு பேரும் திரும்பினது அஞ்சுக்கு. நோட்டுல கடைசிப் பக்கம் நாலு மணின்னு போட்டிருக்கு. நாலு மணிக்கு உயிரோட இருந்தவரை, அப்புறம் யார் அடிச்சிருக்க முடியும்? மூட்டைக்காரன் ஒருத்தன்தான் இங்க இருந்தான்."

பேர் தெரியாத சிப்பின் ஒவ்வொரு காலையும் மீட்டரால் தொட்டு, வந்த அளவை எழுதி, அது எந்த இனம் என்று சொல்வதுதான் இறந்தவரின் தொழில். பக்கத்துக்கு ஒரு சிப்பின் படம், மேலே நேரம். தலைப்பக்கம் ஒரு சிறிய வெட்டு. அதிலிருந்து கால்களை ஒன்று, இரண்டு என்று பதினான்கு வரை சுற்றி எண்ணியிருந்தார்.

மச்சான் பக்கங்களைத் தள்ளினான். எண் என்றால் அவன் கண் விடாது. "அத்தான், எல்லாப் பக்கத்துலயும் ஒண்ணாம் கால் இடது பக்கம். கடைசியில மட்டும் வலது பக்கம். அவசரத்துல மாத்திப் போட்டிருப்பாரு."

"இருக்கலாம்," என்றார் ரேடியோக்காரர். நம்பாதபோதுதான் அவர் அப்படிச் சொல்வார்.

மேசைமேல் இருந்த சிப்பை எடுத்தார். அதன் மேல்முகத்து எழுத்தை யாரோ உப்புத்தாளால் உரசி அழித்திருந்தார்கள்.

வாசலில் நின்ற பெண்ணிடம் கேட்டார். "உன் தம்பிக்கு இது என்னன்னு தெரியுமா?"

"கறுப்புப் பூச்சிம்பான் ஐயா. பூச்சி மூட்டை, கம்பி மூட்டை, அவ்வளவுதான் தெரியும்."

"முதலாளி, இதைப் படம் போட்டுக் கால் எண்ணுங்க."

"எனக்கு எடை மட்டும்தான் தெரியும்," என்று முதலாளி கையை விரித்தார்.

"நீ போடுப்பா."

ஈயக்காரன் சிரித்தான். "இது என்ன பள்ளிக்கூடமா?" பென்சிலை வாங்கினான். வெட்டை மேலே வைத்து வரைந்தான். வலது ஓரத்தில் ஒன்று என்று எழுதி, மளமளவென்று கீழே இறங்கி, இடது பக்கமாக ஏறிப் பதினான்கில் முடித்தான்.

ரேடியோக்காரர் அந்தத் தாளை நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு அருகே வைத்தார்.

"மேலேருந்து பார்த்தா ஒண்ணு இடது பக்கம். கண்ணாடிக்காரர் ஆயுசு பூரா மேலேருந்து பார்த்தார். நீ ஆயுசு பூரா அடியிலேருந்து பார்க்கிறே. அடியிலேருந்து பார்த்தா ஒண்ணு வலது பக்கம்தான் வரும். இந்தப் பக்கத்தை எழுதினது நீ. அடிச்சது மூணரைக்கு முன்னாடி. நாலு மணின்னு எழுதி வச்சுட்டுப் போய் வண்டியில ஏறினே."

"சட்டையில ஒரு சொட்டு ரத்தம் இல்லையே அவனுக்கு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஈயம் ஊத்துறவன் தோல் உடுப்புப் போடுவான். இந்தச் சாக்குல ஒரு சூட்டு ஓட்டைகூட இல்ல. இன்னிக்குக் காலையில கட்டினது. தோல் எங்கப்பா?"

பதில் கரண்டியில் வந்தது. ஈயக்காரன் கொதிக்கும் ஈயத்தை அள்ளி ரேடியோக்காரர் முகத்தைப் பார்த்து வீசினான். மச்சான் குறுக்கே கையை நீட்டினான். ஈயம் முழங்கையில் விழுந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. வறுபட்ட வாடை அடித்தது. இரண்டாவது கரண்டிக்கு ஈயக்காரன் குனிந்தபோது இன்ஸ்பெக்டரின் தடி மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் வாசல் வரை கேட்டது.

தரையில் முட்டி போட்டுக்கொண்டு அவன் சொன்னான்: "நல்ல சிப்பா பார்த்து எழுத்தை அழிச்சு, கழிவுல கலந்து வெளிய எடுத்துக்கிட்டிருந்தேன். அந்த ஆளு சிப்போட காலைத் தொட்டே பேரைச் சொல்லிட்டான். முதலாளிகிட்ட சொல்றேன்னான். ஒரு தடவைதான் அடிக்க நினைச்சேன். கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே இருந்தான். பார்க்குறதை நிறுத்துற வரைக்கும் அடிச்சேன்."

தோல் உடுப்பு வாளிக்கு அடியில் சுருட்டிக் கிடந்தது. இன்னும் பிசுபிசுத்தது.

மூன்று மணிக்குத் தம்பியை வெளியே விட்டார்கள். இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து காவல் நிலைய வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"வாசப்படியில விழுந்துட்டான்," என்றார் இன்ஸ்பெக்டர். "அதான் ஆளைக் கண்டுபிடிச்சாச்சுல்ல, விடுங்க."

ரேடியோக்காரர் குனிந்து அவன் பாதத்தைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளங்கால் நீலம் பாரித்துத் தலையணை போல் வீங்கியிருந்தது. மற்றதும் அப்படித்தான்.

"மூஞ்சியில ஒரு கீறல் இல்ல. படியில விழுறவன் உள்ளங்காலாலயா விழுவான்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்தார். "விசாரிக்கிறேன்."

அக்கா தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டாள். மச்சான் கட்டுப் போட்ட கையைப் பிடித்தபடி பின்னால் வந்தான். "விசாரிக்கிறேன்னு சொல்லிட்டாரே அத்தான்."

"இருக்கலாம்," என்றார் ரேடியோக்காரர்.

செருப்பை மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. நிலையத்து வாசப்படி மொத்தமே அவ்வளவுதான். எண்ணி இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.